ஜனவரி 26 ஏன்னு பிள்ளைங்ககிட்ட கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கும்பகோணத்துல பதினாறு வருஷமா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பொங்கல் முடிஞ்ச கையோட ஸ்கூல், சங்கம், அப்பார்ட்மெண்ட்னு எல்லா பக்கத்துலருந்தும் குடியரசு தின வினாடி வினா பேப்பர் காப்பி எடுக்க வந்துரும். தேசிய பறவை எது, தேசிய மரம் எது, அசோக சக்கரத்துல எத்தனை ஆரம், வருஷா வருஷம் இதே கேள்விங்கதான், சில பேரு போன வருஷ பேப்பர்லயே வருஷத்த மட்டும் ஒட்டி மாத்திட்டு வருவாங்க. இத்தன வருஷத்துல, ஜனவரி 26 ஏன் குடியரசு தினமா ஆச்சுன்னு ஒரு பேப்பர்லயும் நான் பாத்ததே இல்ல.

இந்த வருஷம் நடந்தது மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு, அதனாலதான் எழுதுறேன். எட்டாவது படிக்கிற என் பொண்ணு ஒரு பள்ளிக்கூடத்துல நடந்த போட்டியில கலந்துக்கிட்டா. அரசியலமைப்புச் சட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள் எதுன்னு ஒரு கேள்வி. 1949 நவம்பர் 26னு எழுதியிருக்கா, அத சிவப்பு மையில அடிச்சு பக்கத்துல 1950 ஜனவரி 26னு எழுதி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து பேப்பர நீட்டி "அப்பா நான் படிச்சது தப்பா"ன்னு கேட்டா. அதே போட்டிக்கு பரிசா குடுக்க அரசியலமைப்பு முகவுரைய நாப்பது காப்பி லேமினேஷன் போட்டு குடுத்ததே நான்தான், ஒண்ணு கடையில மிச்சம் இருந்துச்சு, அத எடுத்து கடைசி பாராவ விரல் வச்சு காட்டினேன். 1949 நவம்பர் 26ன்னு அதுலயே தெளிவா அச்சாகியிருக்கு. 2015லருந்து அந்த நாள அரசியலமைப்பு தினமாவே கொண்டாடுறோம்.

சரி நவம்பர்லயே ஏத்துக்கிட்டாங்க, அப்புறம் எதுக்கு ரெண்டு மாசம் காத்திருந்தாங்க? இதுலதான்யா விஷயமே இருக்கு. 1929 டிசம்பர்ல லாகூர் காங்கிரஸ்ல நேரு தலைமையில முழு சுதந்திரம்தான் வேணும்னு தீர்மானம் போட்டாங்க, ராவி ஆத்தங்கரையில நடுராத்திரி கொடி ஏத்தினாங்க, அடுத்த மாசமே 1930 ஜனவரி 26 அன்னிக்கு நாடு பூரா ஜனங்க கூடி சுதந்திர உறுதிமொழி எடுத்தாங்க. பொருளாதாரம், அரசியல், பண்பாடு, ஆன்மிகம்னு எல்லாத்துலயும் ஆங்கில ஆட்சி நம்மள பாழாக்கிருச்சுன்னு அந்த உறுதிமொழியில வரும். அந்த சூட்டோட சூடா உப்பு சத்தியாகிரகம், ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியிலருந்து வேதாரண்யத்துக்கு நடந்த கூட்டம் எங்க கும்பகோணம் வழியாத்தான் போச்சு. அப்போலருந்து வருஷா வருஷம் ஜனவரி 26ஐத்தான் சுதந்திர தினமா நம்மாளுங்க கொண்டாடினாங்க. 1947ல ஆகஸ்ட் 15ஐ மவுண்ட்பேட்டன் தேர்ந்தெடுத்தாரு, ஜப்பான் சரணடைஞ்சு ரெண்டு வருஷம் ஆன நாள் அது. ஜனங்க அடி வாங்கி ஜெயிலுக்கு போயி கொண்டாடின தேதி அப்படியே விட்டுப்போகக் கூடாதுன்னுதான் சட்டம் முழுசா நடைமுறைக்கு வர்ற நாளா 1950 ஜனவரி 26ஐ வச்சாங்க. குடியுரிமை, தேர்தல் ஆணையம் மாதிரி கொஞ்சம் பிரிவு மட்டும் நவம்பர் 26லயே அமலுக்கு வந்துருச்சு.

இத பொண்ணுகிட்ட சொன்னதும் அவ உடனே கேட்டா, "அப்போ 1947லருந்து 1950 வரைக்கும் நம்ம நாட்டுக்கு யாருப்பா தலைவர்?" எந்த வினாடி வினாவுலயும் வராத கேள்வி சார் இது. அந்த ரெண்டரை வருஷமும் சட்டப்படி இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜ்தான் தலைவர், அவருக்கு பதிலா கவர்னர் ஜெனரலா மொதல்ல மவுண்ட்பேட்டன், 1948 ஜூன்லருந்து நம்ம ராஜாஜி. 1950 ஜனவரி 26 காலையில இந்தியா குடியரசு ஆயிருச்சுங்கற பிரகடனத்த ராஜாஜி வாசிச்சாரு, அதுக்கப்புறம் ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவரா பதவி ஏத்துக்கிட்டாரு. இத கேட்டப்போ அந்த புள்ள முகத்த பாக்கணுமே, சாப்பாட்டு தட்டுல கை காஞ்சு போயி உக்காந்திருந்தா.

கொடி விஷயமும் அப்படித்தான். ஆகஸ்ட் 15க்கு கீழருந்து மேல ஏத்துவாங்க, ஜனவரி 26க்கு மேலயே கட்டி வச்சிருக்கறத விரிப்பாங்க. ஆகஸ்ட் 15க்கு கோட்டையில முதலமைச்சர் கொடியேத்துறாருன்னா அந்த உரிமைய 1974ல கலைஞர் கேட்டு வாங்கினது, அதனாலதான் குடியரசு தினத்துல மட்டும் ஆளுநர் ஏத்துறாரு. பிள்ளைங்க கண்ணால பாக்குற விஷயம், ஆனா ஏன்னு யாரும் சொல்றதில்ல.

வாத்தியாருங்கள குறை சொல்லணும்னு எழுதல, அவங்களுக்கு இருக்குற வேலை எனக்கு தெரியும், ராத்திரி எட்டு மணிக்கு வந்து அவசரமா காப்பி எடுத்துட்டு போறத பாக்குறேன். உங்க பேப்பர்ல வருஷா வருஷம் ஜனவரி 20 வாக்குல ஒரு அரைப்பக்கம் ஒதுக்கி இந்த "ஏன்" கேள்விங்களயும் சரிபாத்த பதிலயும் போடுங்க சார், பத்து கேள்வி இருந்தா கூட போதும். கட் பண்ணி எடுத்துட்டு வர்ற எல்லா பள்ளிக்கூடத்துக்கும் அந்த ஒரு பக்கத்த நான் காசு வாங்காம காப்பி போட்டு தர்றேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
கும்பகோணம்