நான் எண்ணியது வெளித்தோலைத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நகைக்கடன் முறைகேடு என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. கடைசிப் பத்தியில் உறுப்பினர் ஒருவர், "வருசா வருசம் ஆடிட் வர்றாங்களே, அவங்க என்னதான் பார்த்தாங்க?" என்று கேட்டிருந்தார். டீக்கடையில் அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தவர், நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். மரியாதைக்காகத்தான் மடித்தார். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

1983 முதல் 2014 வரை கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவன் நான். செய்தியில் வந்த சங்கத்துக்கு நான் போனதில்லை. ஆனால் அந்த உறுப்பினரின் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நாங்கள் அங்கேயேதான் இருந்தோம், செயலாளருக்குப் பக்கத்து மேசையில். கோளாறே அதுதான்.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம். 1992, புரட்டாசி மாதம். சம்பாவுக்கு உரம் வந்து குடோன் நிறைந்திருந்தது. அப்போது யூரியா மூட்டை 50 கிலோ, இப்போதுதான் 45. நீளத்தில் 12, அகலத்தில் 8, உயரத்தில் 10 என்று கச்சிதமாக அட்டி போட்டிருந்தார்கள். பெருக்கினேன், 960. இருப்புப் பதிவேட்டைத் திருப்பினேன், அதிலும் 960. வெளிவரிசையில் நாலு மூட்டையில் குத்தூசி விட்டுப் பார்த்தேன், வெள்ளை வெளேரென்று யூரியா. "இருப்பு சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன். எலி கடித்தது, கிழிந்து கொட்டியது, லோடுமேன் தப்பாக எண்ணியது என்று எந்தக் குடோனிலும் ஒன்றிரண்டு உதைக்கும். ஒரு மூட்டைகூட உதைக்காத அட்டியைத்தான் முதலில் பிரிக்கச் சொல்லியிருக்க வேண்டும். இது இப்போது தெரிகிறது. அன்றைக்குக் கணக்கு ஒத்துப்போன சந்தோஷம்தான் இருந்தது.

மறு வருடம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. அந்த கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இறங்கி நின்றபோது, தலையில் துண்டு கட்டிய ஒருவர் வந்து கும்பிட்டார். அந்தக் குடோனில் மூட்டை தூக்கியவர். "சார், தப்பா நினைக்காதீங்க, போன வருசம் நீங்க எண்ணுனீங்களே அட்டி, அது வெளித்தோல்தான். உள்ளாற பூரா உமி. பழைய யூரியா சாக்குல நாங்கதான் ரைஸ்மில்லு உமிய அடைச்சு அடுக்குனோம்" என்றார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "குத்தூசிய உசரமான ஆளுகிட்ட கொடுத்து நடுவுல விடச் சொல்லியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார். 9 நாள் தணிக்கை செய்த எனக்குத் தெரியாதது, கூலிக்கு மூட்டை சுமந்தவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் நான் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். தணிக்கைக்கு வந்தவர் லோடுமேனிடம் பேசுவது அப்போது வழக்கமில்லை.

தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அடுத்த தணிக்கை அறிக்கையில் "உர இருப்புப் பராமரிப்பில் கூடுதல் கவனம் தேவை" என்று எழுதினேன். அவ்வளவுதான். உமியும் யூரியாவும் எப்போதோ விற்பனைக் கணக்கில் கலந்து கரைந்துவிட்டன, சாட்சிக்கு ஒரு லோடுமேன்தான், அவரும் எழுதிக் கொடுக்க மாட்டார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். செயலாளர் சில்லறை சில்லறையாகப் பணத்தைக் கட்டினார், அல்லது கட்டியதாகக் கணக்கில் வந்தது. தணிக்கைத் தரத்தில் சங்கத்துக்கு 'பி' வகைப்பாடு, அதாவது 'ஏ'வுக்கு அடுத்த தரம், கிடைத்தது. "கையாடல்" என்று எழுதியிருந்தால் 1983ஆம் வருடத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81ஆம் பிரிவில் விசாரணை, 87இல் தண்டத் தீர்வை, அதாவது இழப்பைச் செய்தவரிடமே வசூலிப்பது, என்று வண்டி நகர்ந்திருக்கும். "கவனம் தேவை" என்று எழுதினால் குறை நிவர்த்தி அறிக்கையில் "கவனிக்கப்பட்டது" என்று ஒரு வரி பதில் வரும், கோப்பு மூடும்.

ஏன் அப்படி எழுதினேன்? லஞ்சம் வாங்கினாயா என்று கேட்பார்கள். வாங்கவில்லை. சாப்பிட்டேன். அந்த ஊரில் சாப்பாட்டுக் கடை கிடையாது. காலை பஸ்ஸில் போய் இறங்கினால் மாலை 5:40க்குத்தான் திரும்பும் வண்டி. 9 நாளும் செயலாளர் வீட்டிலிருந்துதான் டிபன் கேரியர் வந்தது. ஒரு நாள் அவர் தாயாரே விரால் மீன் குழம்பை வாழையிலையில் ஊற்றி, "நல்லா சாப்பிடு தம்பி, ஒடம்பு வாடிப் போயிருக்கே" என்றார். துறையிலிருந்து பயணப்படி ஆறு மாதம் கழித்து வரும். அந்தக் குழம்பைச் சாப்பிட்ட கை "கையாடல்" என்ற சொல்லை எழுதவில்லை. சிரிப்பாக இருக்கலாம். என் 31 வருட அனுபவத்தில், பணக் கவரைத் திருப்பிக் கொடுத்த தணிக்கையாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டிபன் கேரியரைத் திருப்பி அனுப்பியவர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் துறை, சங்கங்களை மேற்பார்க்கும் கூட்டுறவுப் பதிவாளருக்குக் கீழே இல்லாமல் தனியாக நிதித் துறையின் கீழ் இருக்கிறது. தணிக்கை சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. சென்னையில் அது சரி. மதியம் ஒன்றரை மணிக்குக் கிராமத்தில் அந்தச் சுதந்திரம் யாருடைய ஸ்கூட்டர் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

என் கணக்கில் ஒரு நல்ல வரவும் உண்டு. அதுவும் என் சாமர்த்தியம் இல்லை. வலங்கைமான் பக்கம் ஒரு சங்கத்தில் தணிக்கை. பஸ் பழுதாகி வராததால் அடுத்த ஊருக்கு நடந்தேன். வெயிலுக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். தண்ணீர் கொடுத்த பாட்டியின் பெயரைக் கேட்டேன், காலையில்தான் பயிர்க்கடன் பேரேட்டில் பார்த்த பெயர். "சங்கத்துல கடன் எவ்வளவு பாட்டி?" என்றேன். "கடனா? சங்கத்துக்கு வாசல் கெழக்கயா மேக்கயான்னே எனக்குத் தெரியாதே தம்பி" என்றார். விண்ணப்பம், சிட்டா, அடங்கல், கைரேகை எல்லாம் அந்தக் கோப்பில் ஒழுங்காக இருந்தன. ரேகை யாருடையது என்பதுதான் கேள்வி. மறுநாளிலிருந்து பேரேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இன்னும் பல பெயர்கள் அப்படியே வந்தன. இந்த முறை சொல்லை விழுங்காமல் எழுதினேன். விசாரணை இழுத்த இழுப்பைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும், விட்டுவிடுகிறேன்.

பெரிய இடத்துக் கதையும் இதுவேதான். ஐதராபாத் சத்யம் கணினி மென்பொருள் நிறுவனத் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று எழுதிய கடிதத்தில், புத்தகத்தில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். அதுவும் வெளியே ஒரு வரிசை யூரியா, உள்ளே உமி. வங்கியில் பணம் இருக்கிறதா என்று தணிக்கையாளர் வங்கிக்கு நேரே எழுதி, பதிலைத் தன் கையில் வாங்க வேண்டும். கேட்பதையும் பதில் வாங்குவதையும் நிறுவனத்தார் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்பதுதான் 2011இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் அந்தத் தணிக்கை நிறுவனத்தின் மேல் வைத்த குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. அதற்குப் பிறகு வந்த 2013 கம்பெனிகள் சட்டம், பட்டியலிட்ட கம்பெனிகளில் ஒரே தணிக்கை நிறுவனம் தொடர்ந்து 10 ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. தணிக்கை செய்பவரே அங்கே கணக்கு எழுதவும் கூடாது என்றது. 2018இல் பெரிய கம்பெனிகளின் தணிக்கையாளர்களைக் கண்காணிக்கத் தேசிய நிதி அறிக்கை ஆணையம் வந்தது. எல்லாம் வேண்டியதுதான். பாட்டியின் திண்ணைக்கு இவை எதுவும் வராது.

ஓய்வுக்குப் பிறகு கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஐந்து வருடம் உதவிக்கு இருந்தேன். நம் ஊரில் கணினியில் டாலி கணக்கு போடும் பையனும் ஆடிட்டர்தான், ஜிஎஸ்டி தாக்கல் செய்பவரும் ஆடிட்டர்தான். நான் உதவிக்கு இருந்தவர் உண்மையிலேயே பட்டயக் கணக்காளர் (சி.ஏ.). ஒரு ரைஸ்மில் முதலாளி வந்து, "சார், பேங்குக்கு ஒரு பேலன்ஸ் ஷீட், வருமான வரிக்கு ஒண்ணு" என்று காய்கறி கேட்பதுபோலக் கேட்டார். இவர் மறுத்தார். வருடாந்தர ஃபீஸ் போனது, முதலாளியின் தம்பி, மைத்துனர் கணக்குகளும் கூடவே போயின. தணிக்கை செய்கிறவருக்குக் கூலி கொடுப்பவர் தணிக்கைக்கு உள்ளாகிறவரே என்கிறவரை இந்தத் தொழிலில் முதுகெலும்புக்கு விலை உண்டு. 2019இல் பட்டயக் கணக்காளர் கொடுக்கும் ஒவ்வொரு சான்றிதழுக்கும், அறிக்கைக்கும் 18 இலக்க அடையாள எண் கட்டாயமானது. அதை வங்கி தன் கணினியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ரப்பர் ஸ்டாம்ப் கடையில் ஆடிட்டர் சீல் செய்துகொண்டவர்கள் அதில் மாட்டினார்கள். முதலாளிகளின் கேள்வி மட்டும் மாறவில்லை.

இனி நகைக்கு வருகிறேன். 2021இல் 5 பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்றபோது, அதற்கான ஆய்வில் சில சங்கங்களில் போலி நகையும், நகையே இல்லாத கடனும் வெளியே வந்ததை எல்லோரும் படித்தோம். தள்ளுபடி வராமல் இருந்திருந்தால் அந்த நகைப் பைகள் இன்னும் பெட்டகத்தில் கிடந்திருக்கும். பெட்டகத்துக்கு இரண்டு சாவி, ஒவ்வொரு பைக்கும் சீல், உள்ளே சீட்டு என்று முறை எல்லாம் உண்டு. தணிக்கையன்று சாதாரணமாக நடப்பது வேறு. பைகளை எண்ணுவோம், சிலவற்றைப் பிரித்து எடை போடுவோம். உரைகல்லில் தேய்த்துப் பார்த்துச் சொல்பவர் யார்? கடன் கொடுத்த அன்று தேய்த்துப் பார்த்த அதே மதிப்பீட்டாளர், கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியவர். தான் போட்ட மார்க்கைத் தானே திருத்துகிறார்.

தஞ்சாவூர்க்காரன் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜனும் அவன் அக்கா குந்தவையும் கொடுத்த நகைகளின் எடை இருக்கிறது. பொன்னை எடை போட்ட கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். மணி பதித்த நகைக்கு வேறு கல். சரடு, செப்பாணி (செம்பு ஆணி) நீக்கி எவ்வளவு, அரக்கு சேர்த்து எவ்வளவு என்று பிரித்து, கோயிலுக்கு வருகிறவன் எவனும் படிக்கும்படி சுவரில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் வருடம் கழித்து எங்கள் அறிக்கையோ செயலாளரின் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. சங்க உறுப்பினர்கள் கூடும் பேரவைக் கூட்டத்தில் "தணிக்கை அறிக்கை வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டது" என்று தீர்மானம் எழுதப்படும். வாசித்துக் கேட்ட உறுப்பினர் யாரையாவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இப்போது சங்கங்களைக் கணினிமயமாக்குகிறார்கள். 2022இல் ஒன்றிய அரசு நாடு முழுவதும் 63,000 சங்கங்களுக்கு 2,516 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. நல்லது, கூட்டல் தப்பாகாது. ஆனால் கணினியில் உமியும் யூரியா என்றுதான் ஏறும்.

ஆகவே துறைக்கு என் வேண்டுகோள்: தணிக்கை எந்த நாட்களில் என்று ஊரில் சொல்லுங்கள். முன்பு தண்டோரா போட்டார்கள், இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது. கடன் வைத்திருக்கும் உறுப்பினர்கள் பாஸ் புத்தகத்தோடும் நகைச் சீட்டோடும் வந்து தணிக்கையாளரை நேரில் பார்க்கட்டும், வர முடியாதவர் வீட்டுக்கு அவர் போகட்டும். இருப்பு எண்ணுவதை மட்டும் சொல்லாமல் செய்யுங்கள். வேறு சங்கத்து மதிப்பீட்டாளரைக் கொண்டு நகையைத் தேய்த்துப் பார்க்கட்டும். தணிக்கையாளரின் சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் அன்றன்றே கையில் பணம் கொடுங்கள். வேறு எது முடியாவிட்டாலும் இந்தக் கடைசி ஒன்றையாவது செய்யுங்கள்.

நானும் எங்கள் ஊர்ச் சங்கத்தில் உறுப்பினன்தான், கடனும் நிலுவையில் இருக்கிறது. சென்ற மாதம் அங்கே தணிக்கை நடந்தது. பாஸ் புத்தகத்தை எடுத்து வீட்டு மேசைமேல் வைத்துவிட்டு நாலு நாள் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. ஐந்தாம் நாள் நானே எடுத்துக்கொண்டு போனேன். தணிக்கையாளர் சின்னப் பையன், என்னைத் தெரியாது. "உங்க கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு, நீங்க ஏன் சார் அலையறீங்க?" என்று அன்பாகச் சொன்னார். புத்தகத்தைத் திறக்கவில்லை. அவர் மேசைக்குப் பக்கத்தில் மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

(பெயரை வெளியிட வேண்டாம். அந்த விரால் குழம்பு ஊற்றிய வீட்டில் இன்னும் என்னைக் கல்யாணங்களுக்கு அழைக்கிறார்கள்.)