மைக்ரோகண்ட்ரோலர் லேப் எடுக்கும் ஆசிரியர்களுக்கு: மீட்டரைப் பூஜ்யமாக்கச் சொல்லித் தராதீர்கள்

சார், மேடம், வணக்கம்.

கோயம்புத்தூரில் பம்ப்செட்டுக்கு கண்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பல வருடமாக போர்டு டிசைனும், அதில் உட்காரும் மைக்ரோகண்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சிப்புக்குப் புரோகிராமும் பார்க்கிறேன். வருடா வருடம் இரண்டு மூன்று பேர் உங்கள் லேப்புகளில் படித்துவிட்டு எங்களிடம் வேலைக்கு வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இன்டர்வியூவில் நான் எப்போதும் ஒரு கேள்வி கேட்பேன்: "ஒரு பட்டனை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்திருந்தார்கள் என்று தெரிய வேண்டும், எப்படிக் கண்டுபிடிப்பாய்?" பாதிப் பேர் "லூப்பில் டிலே போட்டு எண்ணுவேன் சார்" என்பார்கள். கொஞ்சம் தேறியவர்கள் "அழுத்தியதும் டைமரைப் பூஜ்யமாக்கி ஸ்டார்ட் செய்வேன், விட்டதும் ஸ்டாப் செய்து படிப்பேன்" என்பார்கள். இரண்டு பட்டன் இருந்தால்? "இரண்டு டைமர் சார்." பத்து பட்டன் இருந்தால்? அதோடு பேச்சு நின்றுவிடும்.

இந்தக் கடிதம் அந்த மௌனத்தைப் பற்றித்தான்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வீட்டுக்கு இ.பி. ரீடிங் எடுக்க வருகிறாரே, அவர் எந்த வீட்டிலாவது மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டுப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மீட்டர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய எண்ணை எடுத்து, போன தடவை எண்ணைக் கழித்தால் யூனிட் வந்துவிடும். நடுவில் குடித்தனக்காரர் மாறினால் அன்றைக்கு ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு தனியாகக் கழித்துக்கொள்வார்கள், அதற்காக யாரும் புது மீட்டர் மாட்டுவதில்லை. சிப்புக்குள் தானாக எண்ணிக்கொண்டே போகும் ஹார்டுவேர் டைமரும் அப்படி ஒரு மீட்டர்தான். ஆரம்பத்தில் ஒருமுறை ஓட விட்டுவிட்டு, அப்புறம் அதைத் தொடவே கூடாது. பத்து பட்டனுக்கும் ஒரே டைமர் போதும், ஒவ்வொன்றுக்கும் "போன ரீடிங்" என்று ஒரு வேரியபிள் வைத்துக்கொண்டால் சரி.

பழைய ஐந்து இலக்க மீட்டர் 99999 தாண்டியதும் 00000 ஆகிவிடும். போன ரீடிங் 99950, இந்த ரீடிங் 00030 என்றால் 80 யூனிட் என்று ரீடிங் எடுப்பவருக்குத் தெரியும், மைனஸ் 99920 என்று யாரும் பில் போடமாட்டார்கள். அன்சைண்டு, அதாவது மைனஸே இல்லாத எண்ணில் கழித்தால் சிப்பும் இதையேதான் செய்கிறது, நாம் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை, ஒரு தென்னந்தோப்பில்தான் படித்தேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு. இரண்டு மோட்டார், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக மாறி மாறி ஓட வேண்டும். ஏடிமெகா328பி சிப், 16 மெகாஹெர்ட்ஸ், அர்டுயினோ என்ற பயிற்சி போர்டு உலகத்தின் மில்லிஸ்() ஃபங்ஷன், போர்டு உயிர்பெற்று எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று சொல்வது. நான் எழுதிய வரி இது: "இப்போது >= தொடக்கம் + கால அளவு" என்றால் மோட்டாரை மாற்று. மாற்றிய பிறகு ஸ்டார்ட்டிங் கரண்ட் அடங்குவதற்காக 3 வினாடி டிலே. பெஞ்சில் ஒரு வாரம் ஓட்டினேன், பிசகே இல்லை.

ஒருநாள் காலையில் தோட்டத்துக்காரர் போன் செய்தார். "ஏனுங்க தம்பி, ராத்திரி பொட்டிக்குள்ள டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க, அரை மணி நேரத்துக்கு மேல. வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான காண்டாக்டர் இரண்டும் கருகிப் போயிருந்தன, ஒரு மோட்டாருக்கு காயில் கட்ட வேண்டியதாயிற்று. போர்டைக் கழற்றி வந்து ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. வேறென்ன செய்வோம், வோல்டேஜ் மேல் பழியைப் போட்டோம். ஆனால் மனசு ஒப்பவில்லை. மாட்டிய தேதியை பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைப்பது எங்கள் வழக்கம், அதைப் பார்த்து எண்ணினேன். ஐம்பதாவது நாள்.

மில்லிஸ்() ஒரு 32 பிட் மீட்டர். 4294967295 வரை போய்ப் பூஜ்யத்துக்குத் திரும்பும், மில்லிசெகண்டில் அது 49.7 நாள். அந்த முனைக்கு ஏறத்தாழ 35 நிமிடம் இருக்கும்போது ஒரு மோட்டார் ஓட ஆரம்பித்திருக்கிறது. தொடக்கத்தோடு 72 லட்சம் மில்லிசெகண்டைக் கூட்டியதும் கூட்டல் வழிந்து சின்ன எண்ணாகிவிட்டது. "இப்போது" இன்னும் பெரிய எண்ணாகவே இருக்கிறது, ஆகவே நிபந்தனை உடனே உண்மை. மோட்டாரை மாற்று, 3 வினாடி நில், மறுபடி உடனே உண்மை, மறுபடி மாற்று. 35 நிமிடத்தில் 700 தடவை! மீட்டர் பூஜ்யத்தைத் தாண்டியதும் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது, பூனை போல. "இப்போது − தொடக்கம் >= கால அளவு" என்று எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. காகிதத்தில் இரண்டும் ஒரே சமன்பாடு, சிப்புக்குள் இரண்டும் வேறு.

ஒரு கூத்து என்னவென்றால், அதே புரோகிராம் வேறு பல தோட்டங்களிலும் ஓடிக்கொண்டிருந்தது, எங்கும் தப்பு வெளியே வரவில்லை. கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் எந்த போர்டும் ஐம்பது நாள் தொடர்ந்து உயிரோடு இருப்பதில்லையே. இவர் மட்டும் எஸ்எம்எஸ் வேண்டும் என்று கேட்டு போர்டுக்கு பேட்டரி வைத்துக்கொண்டார். மின்வெட்டு எங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். 2004 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் விமானிகளோடு பேசும் ரேடியோ இணைப்பு சில மணி நேரம் செத்துப் போனதற்குப் பின்னால் இருந்தது இதே 49.7 நாள் எண்ணிதான், அவ்வப்போது ரீஸ்டார்ட் செய்ய வேண்டிய கணினியை அந்த முறை செய்யாமல் விட்டுவிட்டார்கள். 2015-இல் போயிங் 787 விமானங்களை 248 நாள் ஆவதற்குள் ஒருமுறை முழுதாக மின்சாரம் துண்டித்துப் போடுங்கள் என்று அமெரிக்க விமானத் துறை உத்தரவே போட்டது. 2-இன் 31-ஆம் அடுக்கை, நூறில் ஒரு வினாடிக் கணக்கில், நாளாக மாற்றிப் பாருங்கள், அதே 248 வரும்.

சரி, லேப்புக்கு வருகிறேன்.

8051 சிப் இருக்கும் பயிற்சி கிட்டில் 50 மில்லிசெகண்டுக்கு டைமரின் மேல் பைட்டான டிஎச்0-இல் 3சி, கீழ் பைட்டான டிஎல்0-இல் பி0 (இரண்டும் ஹெக்ஸ், அதாவது பதினாறு அடிமான எண்கள்) போட வேண்டும் என்பது நம் ஊரில் லேப்பில் நுழைந்து பாஸான எல்லோருக்கும் மனப்பாடம். எனக்கும்தான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த எண், சிப்புக்கு கிளாக் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் 12 மெகாஹெர்ட்ஸ் என்று போட்ட கணக்கு: 12 கிளாக்குக்கு ஒரு மெஷின் சைக்கிள், ஆக ஒரு மைக்ரோசெகண்டுக்கு ஓர் எண்ணிக்கை, 65536-இல் 50000 போக 15536. ஆனால் நிறைய கிட்டுகளில் சீரியல் போர்ட்டுக்கு 9600 பாட் சரியாக வரட்டும் என்று 11.0592 கிரிஸ்டல்தான் போட்டிருப்பார்கள். பையன் ரெக்கார்டு நோட்டில் 12-க்கான கணக்கை அழகாக எழுதி, எல்இடி ஒரு வினாடிக்கு ஒரு தரம் மினுக்குகிறது என்று காட்டுவான், எக்ஸ்டெர்னலும் தலையாட்டிவிட்டு மார்க் போடுவார். உண்மையில் அது 1.085 வினாடி. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதை வைத்தே ஒரு கடிகாரம் செய்து ஓட விட்டால், போனில் ஒரு மணி நேரம் ஆகும்போது கிட்டில் 55 நிமிடம் 18 வினாடிதான் ஆகியிருக்கும்.

கிரிஸ்டலைச் சரியாகக் கணக்கில் எடுத்தாலும் இன்னொரு ஓட்டை இருக்கிறது. டைமர் முனை தாண்டி ஓவர்ஃப்ளோ ஆனதும் இன்டரப்ட், அதாவது செய்கிற வேலையை நிறுத்தி ஓடும் ஒரு தனி ஃபங்ஷன், அதில் டைமரை நிறுத்து, எண்ணை மறுபடி ஏற்று (ரீலோடு), ஓட்டு. நிறுத்தி ஓட்டும் இந்த இடைவெளி யார் கணக்கிலும் வராது. தடவைக்கு 10 மைக்ரோசெகண்ட் போனால் ஒரு நாளைக்கு 17 வினாடி காலி. இன்டரப்டுக்குள் நுழைவதற்கு ஆகும் நேரமும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது, ஆகவே இதை ஒரு நிலையான எண்ணைக் கழித்துச் சரிசெய்யவும் முடியாது. மீட்டரைப் பூஜ்யமாக்குவதற்குக் கொடுக்கும் விலை இது. லேப் அலமாரியில் இருக்கும் ஏடி89எஸ்52-இல் டைமர் 2 என்று ஒன்று இருக்கிறது, ஓவர்ஃப்ளோ ஆனால் 16 பிட் எண்ணை ஹார்டுவேரே ஏற்றிக்கொள்ளும், ஒரு எண்ணிக்கைகூடச் சிந்தாது. அதைச் சொல்லிக் கொடுத்தால் என்ன? ஏடிமெகா வகைச் சிப்பான ஏவிஆரில், சொன்ன எண் வந்ததும் தானாகப் பூஜ்யத்துக்குத் திரும்பும் சிடிசி மோட் இதே வேலையைச் செய்யும், ஆனால் அங்கே 250 எண்ணிக்கை வேண்டும் என்றால் 249 போட வேண்டும், பூஜ்யமும் ஓர் எண்ணிக்கை. 250 என்று போட்ட ஒரு பையனின் கடிகாரம் நாளுக்கு ஐந்தே முக்கால் நிமிடம் பின்தங்கியது, இரண்டு நாள் கிரிஸ்டலைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான்.

ஓடும் மீட்டரைப் படிப்பதிலும் ஒரு வித்தை இருக்கிறது, அதையும் எங்கும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. 8051 போன்ற 8 பிட் சிப் 16 பிட் எண்ணை, பைட்டுக்கு ஒன்றாக, இரண்டு வாயாகத்தான் விழுங்கும். மேல் பைட்டைப் படித்தோம், 12. கீழ் பைட்டைப் படிப்பதற்குள் டைமர் ஹெக்ஸ் கணக்கில் 12எஃப்எஃப்-இலிருந்து 1300-க்குத் தாவிவிட்டது, கீழ் பைட் 00. நமக்குக் கிடைத்தது 1200, நிஜம் 1300. நேரம் பின்னால் போய்விட்டது! மருந்து எளிது: மேல், கீழ், மறுபடி மேல் என்று படி, இரண்டு மேலும் ஒன்றாக இல்லாவிட்டால் திரும்பப் படி. இன்டரப்டில் ஏறும் 32 பிட் வேரியபிளைப் படிக்கும்போதும் இதே ஆபத்துதான், அங்கே நாலு வாய், அதனால் படிக்கும் நொடியில் மட்டும் இன்டரப்டை மூடி வைக்க வேண்டும். இது ஆயிரத்தில் ஒரு தடவை, லட்சத்தில் ஒரு தடவைதான் நடக்கும். லேப் தேர்வில் நடக்காது, கஸ்டமர் வீட்டில்தான் நடக்கும்.

அர்டுயினோவுக்கு மாறிவிட்டோம், இதெல்லாம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஊனோ என்ற அர்டுயினோ போர்டில் மில்லிஸ்() ஓடுவது டைமர் 0-இல், 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை 64-ஆல் வகுத்து 256 எண்ணினால் 1.024 மில்லிசெகண்ட். அந்த 0.024 சேர்ந்து சேர்ந்து ஒன்றானதும் எண்ணி ஒரே தாவலில் இரண்டு கூடும், அதாவது சில எண்களை மில்லிஸ்() காட்டவே காட்டாது. "== 1000" என்று எழுதிவிட்டு ஏன் சில நேரம் வேலை செய்யவில்லை என்று முழிக்கும் பையனுக்கு இதைச் சொல்ல ஆள் வேண்டும். 16 பிட் இன்ட் வேரியபிளில் நேரத்தைப் போட்டால் ஊனோவில் 32.767 வினாடியோடு கதை முடிந்தது. அதே ஆள் எஸ்டிஎம்32-க்குப் போய் 16 பிட் டைமரைப் படித்துக் கழித்தால் வேறு வம்பு: 32 பிட் சிப்பில் கழித்தல் 32 பிட்டில்தான் நடக்கும், 5-இல் 65530 போனால் 11 வருவதற்குப் பதில் மைனஸ் 65525 வரும், விடையை மறுபடி 16 பிட் அன்சைண்டாக மாற்றினால்தான் 11. ஊனோவில் சரியாக ஓடியதுதானே சார் என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

நான் கேட்பது பெரிய பாடத்திட்ட மாற்றம் எல்லாம் இல்லை, அது உங்கள் கையில் இல்லை என்பதும் தெரியும். எல்இடி மினுக்கும் அந்த ஒரு பரிசோதனையை மட்டும் மாற்றுங்கள். கடிகாரம் செய்யச் சொல்லுங்கள், காலையில் ஓட விட்டு, மதியம் சாப்பிட்டு வந்து போனோடு ஒப்பிட்டு, எத்தனை வினாடி பிசகு, அதில் கிரிஸ்டலுக்கு எவ்வளவு, ரீலோடுக்கு எவ்வளவு என்று ரெக்கார்டில் எழுதச் சொல்லுங்கள். பிசகே இல்லை என்று எழுதுபவனுக்கு மார்க்கைக் குறையுங்கள், அவன் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறான். அப்புறம் எண்ணியின் தொடக்க மதிப்பைப் பூஜ்யம் என்று வைக்காமல், முனைக்கு ஒரு நிமிடம் முன்னால் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். ஐம்பது நாள் காத்திருக்க வேண்டாம், அறுபதாவது வினாடியில் தப்பு எல்இடியில் தெரிந்துவிடும். எனக்கு யாராவது இதை இரண்டாம் வருடத்தில் செய்யச் சொல்லியிருந்தால் அந்தத் தோட்டத்துக்காரர் காயில் கட்டியிருக்க வேண்டாம்.

கழித்தலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். ரீடிங் எடுப்பவர் வருவதற்குள் மீட்டர் ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டால் அவருக்கு அது தெரியப்போவதில்லை. மைக்ரோசெகண்டில் எண்ணும் மைக்ரோஸ்() 71 நிமிடத்தில் ஒரு சுற்று முடித்துவிடும், இரண்டு மணி நேர மோட்டாருக்கு அதை எடுத்தால் நான் செய்ததைவிடப் பெரிய கூத்து நடக்கும்.

கருகிய அந்தக் காண்டாக்டரில் ஒன்று இன்னும் என் மேசை மேல்தான் இருக்கிறது, புதிதாகச் சேருபவர்கள் கையில் முதல் நாள் அதைத்தான் கொடுக்கிறேன். உங்கள் லேப்புக்கும் எடுத்து வருகிறேன், போர்டும் கொண்டு வருகிறேன், முனைக்கு ஒரு நிமிடம் முன்னால் செட் செய்து பிள்ளைகள் முன்னாலேயே டக்கு டக்கென்று அடிக்க விடலாம். எங்களுக்கு ஞாயிறுதான் லீவு, ஆனாலும் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வரச் சொன்னால் முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
பேனல் போர்டுக்காரன் ஒருவன்