தொகுப்பாளராக இருந்த வருடங்களை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சிவகார்த்திகேயன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லூரியில் மிமிக்ரி செய்தார், 'கலக்கப் போவது யாரு' மேடையில் ஜெயித்தார், 2012இல் 'மெரினா' மூலம் சினிமாவுக்கு வந்தார், அப்புறம் ஹீரோ ஆகிவிட்டார் என்று கடகடவென்று ஓட்டிவிட்டார் கட்டுரையாளர். தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் நடுவில் விஜய் டிவியின் 'அது இது எது' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய காலத்துக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், அவர் ஹீரோ ஆனதற்கான காரணமே அங்கேதான் இருக்கிறது.

தனியாக மைக் பிடித்துச் சிரிக்க வைக்கிற ஆளுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். எல்லாச் சிரிப்பும் தனக்கே வர வேண்டும். வராவிட்டால் அந்த மூன்று நிமிடத்திலேயே செத்தான், அதனால் அவனைக் குறை சொல்லவும் முடியாது. கூட்டம் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து அடுத்த வரியைப் போடுவான், சிரிக்கவில்லை என்றால் அந்த இடத்தைத் தாண்டி ஓடுவான். சினிமாவில் இந்த வித்தை அப்படியே செல்லாது. கேமரா சிரிக்காது, எங்கே இடைவெளி விடுவது என்பதை எடிட்டர்தான் முடிவு செய்வார், தவிர எதிரில் ஒருவர் நின்று பதில் பேச வேண்டியிருக்கும். மேடையில் பின்னி எடுத்த பலர் திரையில் தனித்தனி பிட்டாகவே தெரிவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

'அது இது எது'வில் 'சிரிச்சா போச்சு' என்று ஒரு சுற்று வரும், பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வந்திருக்கும் விருந்தினர் சிரிக்கக் கூடாது, நகைச்சுவைக் கலைஞர்கள் வேஷம் போட்டு வந்து அவர்களைச் சிரிக்க வைக்க வேண்டும். அங்கே சிவகார்த்திகேயனின் வேலை சிரிக்க வைப்பது இல்லை. பக்கத்தில் நின்று ஒரு கேள்வியை எடுத்துக் கொடுப்பது, வந்தவரைக் கொஞ்சம் சீண்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வது, கைதட்டலை அவருக்கு விட்டுவிடுவது. வாரா வாரம் இதைச் செய்த ஒருவருக்கு அடுத்தவரின் பஞ்ச் வசனத்துக்கு வழிவிடத் தெரியாமல் போகுமா?

2013இல் வந்த 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' படத்தில் சூரியோடு அவர் நடித்த காட்சிகளை இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். ஹீரோ அவர்தான், ஆனால் பாதிச் சிரிப்பு சூரிக்குப் போகிறது, அதைப் பற்றி அவருக்குக் கொஞ்சமும் பதற்றம் இல்லை. 'டாக்டர்' (2021) இன்னும் ஒரு படி மேலே. யோகி பாபுவும் ரெடின் கிங்ஸ்லியும் அடித்து நொறுக்குகிறார்கள், நடுவில் இவர் முகத்தில் ஒரு அசைவு கிடையாது. அந்தப் படத்தை எடுத்த நெல்சனும் அதே விஜய் டிவியில் வேலை பார்த்தவர் என்பதைக் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'மாவீரன்' (2023). அடுத்தவர் குரலைத் தன் தொண்டையில் வைத்துப் பிழைத்த ஒரு மிமிக்ரி கலைஞனுக்கு, தலைக்குள் வேறொருவர் குரல் கேட்கிற பாத்திரம்! விஜய் சேதுபதி குரல் பேசப் பேச இவர் மிரண்டு மேலே பார்ப்பதுதான் நடிப்பே. இயக்குநர் தெரிந்துதான் செய்தாரோ இல்லையோ, நான் தியேட்டரில் அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார்.

சந்தானத்தோடு ஒப்பிட்டிருந்த பத்தியில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. சந்தானம் 'லொள்ளு சபா' என்ற டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் இருந்து வந்தவர், 2004இல் 'மன்மதன்' தொடங்கி பத்து வருடம் ஹீரோக்களுக்குப் பக்கத்தில் நின்று அவர்களையே கலாய்த்தவர். அந்தக் கவுன்ட்டருக்கு எதிரில் ஒரு ஹீரோ வேண்டும். தானே ஹீரோ ஆனதும் யாரைக் கலாய்ப்பது? இது திறமைக் குறைவு இல்லை, பாதையில் உள்ள சிக்கல். சிவகார்த்திகேயன் '3' படத்தில் தனுஷின் நண்பனாக வந்ததோடு அந்த வரிசையில் இருந்து தப்பித்துக்கொண்டார், அடுத்த வருடமே தனுஷ் தயாரிப்பில் 'எதிர்நீச்சல்' நாயகன். அதிர்ஷ்டம் என்று நீங்கள் எழுதியதை இந்த ஒரு இடத்தில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

'அமரன்' (2024) பற்றி எழுதியதில் குறை இல்லை. மேஜர் முகுந்த் வரதராஜனாக வருகிறவரிடம் பழைய மிமிக்ரிக்காரரைத் தேடினாலும் கிடைக்கவில்லை, அது நல்லதுதான். ஆனாலும் 'ரஜினி முருகன்' மாதிரி ஒன்று மறுபடி செய்ய மாட்டாரா என்று எனக்கு ஓர் ஆசை, வீட்டில் கேட்டால் ரசனை கெட்டவன் என்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அதே 'சிரிச்சா போச்சு'வில் வேஷம் கட்டி வந்து விருந்தினர்களை உருட்டிவிட்ட வடிவேல் பாலாஜி 2020 செப்டம்பரில் காலமாகிவிட்டார். சினிமாவில் அவருக்குக் கிடைத்தது சின்னச் சின்ன வேடங்கள்தான். பெயரிலேயே இன்னொரு கலைஞரைச் சுமந்துகொண்டு இருந்தவர். அவரைப் பற்றி ஒரு நாலு பக்கம் போடுங்களேன், அந்த மேடையில் அவரோடு நின்றவர்கள் நிறையப் பேர் இன்னும் நடித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்.

அன்புடன்,
நீண்ட நாள் வாசகன்