ராமுவுக்கு

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. இப்போது பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது. டிவி பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே பேரன் ஒரு படம் போட்டுக் கொடுத்தான். மூன்று நாளாக அது மனசை விட்டுப் போகவில்லை.

பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெனுவார் 1931இல் எடுத்த ‘லா ஷியென்’. பாரிஸில் ஒரு காலுறைக் கம்பெனியில் லெக்ரான் என்று ஒரு கேஷியர். ஆமாம், நம்ம வேலைதான். மனைவி வாயைத் திறந்தால் போரில் செத்ததாகச் சொல்லப்படும் முதல் கணவனின் பெருமைதான். பட்டாளத்து உடுப்பில் அவன் படம் சுவரில் தொங்குகிறது. ஓய்வு நாளில் ஓவியம் தீட்டுவது ஒன்றுதான் லெக்ரானுக்கு ஆறுதல். ஒரு ராத்திரி தெருவில் அடிவாங்கிக்கொண்டிருந்த லூலுவைக் காப்பாற்றப் போய், அவளே கதி என்று ஆகிவிடுகிறார். அவளோ தன்னை அடித்த தெதே மேலேதான் உயிராக இருக்கிறாள். அவளுக்காக வீட்டிலும் திருடுகிறார், ஆபீஸ் பணத்திலும் கை வைக்கிறார்.

அந்தக் கொலைக் காட்சியை நீ பார்க்க வேண்டும். லூலு கட்டிலில் கிடந்தபடி, புதுப் புத்தகத்தின் ஒட்டிய தாள்களைக் கத்தியால் பிரித்துக்கொண்டிருக்கிறாள். இவர் கெஞ்சுகிறார். அவள் சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே இருக்கிறாள். சட்டென்று கேமரா தெருவுக்கு வந்துவிடுகிறது. வாசலில் பிடில் வாசித்துப் பாடுகிறார்கள், கூட்டம் கூடிக் கேட்கிறது. கேமரா சுவரோடு மெல்ல மேலே ஏறி ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. அவள் உடல் மேல் அவர் குனிந்திருக்கிறார். கீழே பாடுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பழி தெதே மேல் விழுந்து அவன் தலை போகிறது. லெக்ரான் வாயே திறக்கவில்லை.

லூலுவாக நடித்த ழானி மரேஸ், படம் வெளிவரும் முன்பே அந்த ஆகஸ்டில் கார் விபத்தில் இறந்துபோனாள். 23 வயது. காரை ஓட்டியவர் தெதேவாக நடித்தவர். லெக்ரானாக நடித்த மிஷல் சிமோன் அவளை நிஜமாகவே விரும்பினாராம், அடக்கத்தன்று நிற்க முடியாமல் சரிந்தாராம். இது தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பை மறுபடியும் போட்டுப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

தொடக்கத்திலேயே பொம்மலாட்டப் பொம்மை ஒன்று வந்து, இதில் நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை என்று சொல்லிவிடுகிறது. எனக்கு நம்ம பழைய ஹெட் கேஷியர் ஞாபகம்தான் வந்தது. பணம் குறைவது தெரிந்த அன்று சாயங்காலம், பேனாவை மூடிப் பையில் செருகிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாரே! ‘ஒரு பொம்பளைக்காக’ என்று கேண்டீனில் எல்லோரும் பேசினோம். நானும் பேசினேன். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று: நாலைந்து வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மனுஷன், ராமு.

அவர் மகன் உங்கள் ஊர்ப் பக்கம்தான் இருப்பதாக ஒருமுறை சொன்னாய். விசாரித்து விலாசம் எழுது. அவர் இருந்தால், பங்குனிக்குள் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். நீயும் கூட வருகிறாயா?

அன்புடன்,
வைத்தி