ஒரே தவணையில் கட்டச் சொன்னால் எப்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் ஒரு உடற்பயிற்சிக் கூடமும் பூப்பந்து அரங்கும் நடத்துகிறது. இதுவரை மாதச் சந்தா 300 ரூபாய். அடுத்த மாதம் முதல் நுழைவுக் கட்டணம் 2,000, ஆண்டுச் சந்தா 4,800 என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. இரண்டையும் ஒரே தவணையில் கட்ட வேண்டும். மாதச் சந்தா இனிக் கிடையாதாம்.

“மாதத்துக்கு நூறு ரூபாய்தானே கூடுகிறது?” என்கிறார்கள். எங்கள் தெருவில் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். சர்க்கரை நோய்க்காக மருத்துவர் சொன்னதன்பேரில் எட்டு மாதமாகத் தவறாமல் வருகிறார். மாதம் 400 ரூபாய் என்றால் எப்படியாவது ஒதுக்கிவிடுவார். 6,800 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க அவரால் முடியாது. அடுத்த மாதத்திலிருந்து அவர் வரமாட்டார். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வணிகவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இதே சங்கத்தில் இரண்டு ஆண்டுகள் பொருளாளராகவும் இருந்தேன். பயிற்சியாளர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் சம்பளம்தான் பெருஞ்செலவு. பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் அது மாறாது. வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், காலை 6 முதல் 8 வரையும் மாலை 6 முதல் 8 வரையும் இடம் கொள்ளாது. பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை கூடம் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் மாதம் 150 ரூபாய் என்று வைத்தால் வீட்டிலிருக்கும் பெண்களும் முதியவர்களும் வருவார்கள். சங்கத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் சம்பளச் செலவில்லாமல் வரவு கூடும். நான் பொறுப்பில் இருந்தபோதே இதைச் செய்திருக்க வேண்டும்; அந்த வருத்தம் எனக்கு உண்டு.

வரியையும் காரணம் காட்டுகிறார்கள். உடற்பயிற்சிக் கூடங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதோடு, சேவை வழங்குவோரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் பதிவு செய்யவே வேண்டியதில்லை. எங்கள் சங்கத்தின் மொத்த வரவு நான் கணக்குப் பார்த்த ஆண்டுகளில் அதில் பாதியைக்கூட எட்டியதில்லை.

முன்பணம் கட்டினால்தான் ஒழுங்காக வருவார்கள் என்பது இன்னொரு வாதம். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற பொருளியல் அறிஞர்கள் அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரை வேறு விதமாகச் சொல்கிறது. மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் வந்திருக்கிறார்கள். பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலர்தான். இவர்களுக்கோ 17 டாலருக்கு மேல் ஆகியிருக்கிறது. வராதவர்களின் பணத்தை நம்பித் தனியார் கூடம் நடக்கலாம். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டிக் கட்டிய கூடம் அப்படி நடக்கலாமா?

தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள் என்கிறது 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. எங்கள் கூடத்தில் உறுப்பினராக உள்ள பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மொத்தத் தொகை கேட்டால் வீட்டில் முதலில் மகனுக்கும் கணவருக்கும்தான் கட்டுவார்கள்.

கட்டணமே உயரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 300 ரூபாய் சில ஆண்டுகளாக மாறாதது உண்மை. நடைப்பயிற்சி இயந்திரத்தைப் பழுது பார்க்கவும் பணம் வேண்டும். மாதம் 400 என்றே இருக்கட்டும். ஆனால் மாதாமாதம் கட்டும் வழியை மூடாதீர்கள். நுழைவுக் கட்டணத்தைக் கைவிடுங்கள். கடந்த ஆண்டு வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, பொதுக்குழுவைக் கூட்டி உறுப்பினர்களைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் பொருளாளர், குடியிருப்போர் நலச்சங்கம்,
கோவை மாவட்டம்.