பாலிஷ் போடக் கொடுத்த ஏர் பிஸ்டலின் பேரலைக் கெடுத்தது பற்றிய புகார்

அனுப்புநர்: அல்சூர் வாடிக்கையாளர் (பெயரும் முகவரியும் உங்கள் பில் புத்தகத்தில் இருக்கின்றன)

பெறுநர்: மேலாளர், பீன்யா பட்டறை, பெங்களூரு

பொருள்: பேரலை மாற்றித் தருவதும் பாலிஷ் கூலியைத் திருப்பித் தருவதும்

ஐயா,

வணக்கம். உங்கள் கடையில் நாம் தமிழில்தான் பேசிக்கொண்டோம், அதனால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

போன மாதம் என் மகளின் 10 மீட்டர் ஏர் பிஸ்டலை உங்களிடம் கொடுத்தேன். வியர்வைக் கை பட்டுப் பட்டு பேரலின், அதாவது குழலின், வெளிப்பக்கத்தில் துருப்புள்ளி விழுந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, கொஞ்சம் பளபளப்பாக்கித் தரச் சொன்னோம். பளபளப்பு மகளின் ஆசை. கூடப் பயிற்சி எடுக்கும் பெண்ணின் பிஸ்டல் வெள்ளி மாதிரி மின்னுகிறதாம். கம்பெனிக்காரன் அதை மங்கிய கறுப்பில் விடுவதற்குக் காரணம் உண்டு, டியூப் லைட் பட்டால், குறி பார்க்கும் முன் சைட்டுக்குப் பக்கத்தில் கண் கூசும். இது தெரிந்தும் நான் தலையாட்டினேன். அந்தத் தப்பு எங்களுடையது, அதற்காக இந்தப் புகார் இல்லை.

'வெளிப்பக்கம் மட்டும்' என்று வேலைச் சீட்டில் உங்கள் ஊழியரே எழுதிக் கொடுத்தார். சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ரூ.4,500 கட்டி எடுத்து வந்த அன்று, "உள்ளேயும் கண்ணாடி மாதிரி ஏற்றிவிட்டேன் அங்கிள், இனி குறி தப்பவே தப்பாது" என்றார் அந்தத் தம்பி. அங்கேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நான் எச்.எம்.டி. டூல் ரூமில் 27 வருடம் வேலை பார்த்தவன். வீட்டுக்கு வந்ததும் காற்று சிலிண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்துக் குழல் வாயின் விளிம்பில் மெல்லச் சுற்றினேன். வலது கீழ்ப்பக்கத்தில் நூல் மாட்டி இழுபட்டது. பிசிறு. லூப் என்ற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், சீராக வளைந்திருக்க வேண்டிய கிரவுன் (குழல் வாயின் விளிம்பு) ஒரு பக்கம் சப்பையாகத் தேய்ந்திருக்கிறது. பளபளப்பேற்றும் பஃபிங் வீலைச் சாய்த்துப் பிடித்தால்தான் இப்படி வரும். பெல்லட் (ஏர் பிஸ்டலின் சின்ன ஈயக் குண்டு) குழலை விட்டு வெளியேறும் கடைசி நொடியில் காற்று சுற்றிலும் ஒரே அளவில் பிரிய வேண்டும். ஒரு பக்கம் முந்திக்கொண்டு கிளம்பினால் அது பெல்லட்டின் வாலைத் தட்டிவிடும்.

உள்ளே இன்னும் மோசம். ஒரு பெல்லட்டை வைத்துக் கம்பியால் மெல்லத் தள்ளிப் பார்த்தேன். முன்பெல்லாம் வாய்ப் பக்கம் வரும்போது இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பேரலை அங்கே ஒரு மயிரளவு குறுக்கித்தான் செய்திருந்தார்கள். இப்போது வழுக்கிக்கொண்டு வெளியே விழுகிறது. எமரி ஷீட்டைக் குச்சியில் சுற்றி டிரில்லில் ஓட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகள்தான் பெல்லட்டைச் சுழல வைக்கின்றன. அதன் முனையை மழுக்கிவிட்டு 'துல்லியம் கூடும்' என்று போர்டு மாட்டுவது என்ன நியாயம்? பேரல் செய்கிறவர்கள் உள்ளே மெருகேற்றுவது உண்டு, சரி. அதற்கு அந்தக் குழலின் அளவுக்கே ஈயம் வார்த்து, கை உணர்ந்து பார்த்துப் பார்த்துத் தேய்ப்பார்கள்.

என் பேச்சை நம்ப வேண்டாம், அட்டையைப் பாருங்கள். வாங்கியபோது கம்பெனி கொடுத்த சோதனை அட்டையில் 5 பெல்லட்டும் ஒரே ஓட்டைக்குள் போயிருக்கின்றன. இப்போது கிளப் ரேஞ்சில், அதே 10 மீட்டரில், அதே பெல்லட்டை வைத்து, பிஸ்டலை அசையாமல் பிடிக்கும் வைஸில் (இடுக்கியில்) பூட்டி 5 முறை சுட்டோம். 31 மில்லிமீட்டருக்குச் சிதறியிருக்கிறது. பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். ஒன்பதாவது வட்டம் 27.5. அதாவது கை அசையாமலே பத்து தவறி ஒன்பது விழும். 60 குண்டு சுடும் போட்டியில் பிள்ளை என்ன செய்வாள்?

போனில் கேட்டதற்கு முதலில் பெல்லட் சரியில்லை என்றீர்கள். அப்புறம் "பொண்ணுக்குக் கை நடுங்குது சார்" என்றீர்கள். வைஸுக்குமா நடுங்கும்? மூன்றாவது முறை, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு போடு போட்டீர்கள். 0.177 அங்குலத் துளை, 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் உள்ள ஏர் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையே இல்லை. போட்டி பிஸ்டலில் அதில் பாதிகூட வராது. இது தெரியாமலா பணம் வாங்கினீர்கள்?

கடைசியாக, புதுப் பேரல் ரூ.38,000 ஆகும், வேண்டுமானால் ஆர்டர் போடுகிறோம் என்றீர்கள். கெடுத்தவரே மாற்றுவதற்கும் விலை சொல்வதை நான் எங்கள் ஷாப் ஃப்ளோரில்கூடப் பார்த்ததில்லை. அங்கே ஒரு ஜாப் ரிஜெக்ட் ஆனால் அதை யார் ஓட்டினாரோ அவர்தான் தலைகுனிந்து நிற்பார்.

நான் கேட்பது இதுதான். இதே மாடலுக்கு உற்பத்தியாளர் தரும் அசல் பேரலை உங்கள் செலவில் போட்டுத் தர வேண்டும், லேத்தில் கடைந்த உள்ளூர்க் குழல் வேண்டாம். போட்ட பிறகு என் முன்னால் வைஸில் பூட்டி 5 குண்டு சுட்டு, அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ரூ.4,500ஐத் திருப்பித் தர வேண்டும். பழைய பேரலையும் என்னிடமே கொடுத்துவிடுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் வைக்கத் தேவையில்லை. வேலைச் சீட்டு, பில், இரண்டு அட்டைகள், கிரவுனின் படம் எல்லாவற்றுக்கும் நகல் இணைத்திருக்கிறேன்.

ஆமாம், முன் சைட்டின் சின்ன அல்லன் ஸ்க்ரூவும் தலை தேய்ந்து சுற்றுகிறது. அதையும் மாற்றிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அல்சூர் வாடிக்கையாளர்