இரக்கம் காட்டத் தேவையில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உரிமம் இல்லாமல் வானொலி நடத்துகிறவர்கள் மீது "இரக்கம் காட்டத் தேவையில்லை" என்று சென்ற வாரத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன்: அதற்கான தண்டனை எவ்வளவு கடுமையானது என்று யோசித்துவிட்டுத்தான் எழுதினீர்களா?

1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, அனுமதியின்றி ஒலிபரப்புக் கருவி வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருந்தது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலோ, அனுமதியின்றித் தொலைத்தொடர்பு வலையமைப்பு நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். திருட்டுத் தொலைபேசி இணைப்பகம் நடத்திப் பணம் குவிப்பவனுக்கும், நாலு தெருவுக்குப் பாட்டுப் போடுகிற பையனுக்கும் ஒரே பிரிவு. நீதிபதி பார்த்துக் குறைப்பார் என்பீர்கள். அதுவரை அந்தப் பையனின் பெற்றோர் எப்படித் தூங்குவார்கள்?

ஆபத்தே இல்லை என்று நான் வாதாடவில்லை. பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்தவன் நான். இப்படிப்பட்ட பையன்கள் கட்டுகிற, ஒற்றை டிரான்சிஸ்டரும் செம்புக் கம்பிச் சுருளும் கொண்ட சர்க்யூட்டின் அருகே கையைக் கொண்டுபோனாலே அலைவரிசை நழுவிவிடும். பண்பலை 108 மெகாஹெர்ட்சில் முடிகிறது. அதற்கு மேலே விமானங்களுக்கான அலைவரிசைகள் தொடங்குகின்றன. வேண்டாத அலைகளைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத கருவியின் சக்தியைக் கூட்டினால் அங்கேயும் இரைச்சல் புகும். ஆகவே கருவியைப் பறிமுதல் செய்யட்டும், எழுத்தில் எச்சரிக்கட்டும், மறுபடியும் செய்தால் வருமானத்துக்கு ஏற்ற அபராதம் போடட்டும். விமானத் தொடர்புக்கு இடையூறு செய்தது நிரூபணமானால் சிறைக்கும் நான் குறுக்கே நிற்கமாட்டேன். பாட்டுப் போட்டதற்குச் சிறை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

பீகாரில் மன்சூர்பூர் கிராமத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் ஊருக்காக நடத்திய வானொலியை 2006-இல் மூடினார்கள். அவர் எங்கே போய் உரிமம் கேட்டிருக்க முடியும்? ஓர் ஊர் மக்களுக்காக லாபநோக்கின்றி நடத்தும் சிறு வானொலிதான் சமூக வானொலி; தனிநபருக்கு அதற்கான உரிமம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. அந்தப் பொதுமக்களில் அந்த இளைஞர் சேர்த்தி இல்லையா?

முறைப்படி கேட்டவர்கள் கதையும் எனக்குத் தெரியும். எங்கள் தொண்டு அமைப்பு விண்ணப்பித்தது. பதிவுச் சான்றிதழ் நகலில் முத்திரை மங்கலாக இருக்கிறதென்று ஓர் அலுவலர் கோப்பையே திருப்பித் தள்ளினார். புது நகல் கொடுத்தோம். பிறகு வேறொரு துறையின் ஒப்புதல் வரவேண்டும் என்றார்கள். அலைந்து அலைந்து ஓய்ந்துபோனோம். அப்போது உங்களுக்கு விரிவாக எழுதினேன். ஒரு வரிகூட வெளியாகவில்லை. இடப்பற்றாக்குறையாக இருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

உரிமம் கிடைத்தவர்களும் அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் மறு ஒலிபரப்புச் செய்யலாமே தவிர, தங்கள் ஊராட்சியில் நடந்த குளறுபடியைச் சொந்தச் செய்தியாக வாசிக்க முடியாது. பத்திரிகைக்கு இப்படி ஒரு தடை வந்தால் நீங்கள் எத்தனை தலையங்கம் எழுதுவீர்கள்!

தண்டனை விவரத்தைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தீர்கள். அடுத்த இதழில் அதே அளவு இடத்தில், சமூக வானொலிக்கு யார் விண்ணப்பிக்கலாம், எங்கே, எந்தெந்த ஆவணங்களுடன் என்பதையும் தயவுசெய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுவியல் ஆசிரியர்